ராமர் பச்சைச் சேலையும் வெள்ளை நாயும்

எதிர்த்த வீட்டு நாய் என்னைக் கடிச்ச அன்னைக்கு எங்க தெருவே நாய்க்கு ஏதும் ஆயிருமோன்னு பதறுச்சு. என் கெண்டைக்கால்ல நாலு பல்லு இறங்கி ரத்தம் வழியுது. ஒரு ஆளு "வலிக்குதாம்மா"ன்னு கேக்கல. "நாய் வாயில ரத்தம் பட்டுச்சா, உள்ள முழுங்கிருச்சா"ன்னுதான் ஆளாளுக்குக் கேட்டாங்க.

காரணம் இருக்கு. எனக்கு எச்.ஐ.வி. உண்டு. எப்படி வந்துச்சுன்னு கேக்காதீங்க. கேட்ட யாருக்கும் நான் பதில் சொன்னதில்ல, உங்களுக்கு மட்டும் சொல்ல நீங்க என்ன எனக்கு மாமனா மச்சானா. தினம் ஒரு மாத்திரை போடுறேன். பேண்டேஜ் கம்பெனியில துணி சுத்துறேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல கொஞ்சம் சுருதி விலகிப் பாடுறேன். ராஜபாளையத்துல இது ஒரு சாதாரண வாழ்க்கை.

தெருவுக்கு எப்படித் தெரியும்னா, நான்தான் சொன்னேன். எட்டு வருஷம் முன்னாடி கம்பெனியில விழிப்புணர்வுக் கூட்டம் போட்டாங்க. பேச வந்தவரு எங்களை மாதிரி ஆளுகளைப் "பாவப்பட்ட ஜென்மங்க"ன்னு நாலு தடவை சொன்னாரு. அஞ்சாவது தடவை எனக்குப் பொறுக்கல. எந்திரிச்சுப் போய் மைக்கைப் பிடுங்கி, "நான்தான் அந்த ஜென்மம். எனக்கென்ன பாவம், நேத்துக்கூட மூணு புரோட்டா தின்னேன்"னுட்டேன். சாயங்காலம் நான் வீடு வந்து சேரும் முன்ன சேதி வந்து சேர்ந்திருந்துச்சு.

எதிர்த்த வீட்டு அண்ணன் மில்லுல ஸ்பின்னிங் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரும் அக்காவும் வீட்டுக்குள்ள தெலுங்கு பேசுவாங்க, தெருவுக்கு வந்தா தமிழ், நாய்கிட்ட மட்டும் ரெண்டும். நல்ல மனுஷங்க. அதுதான் கஷ்டமே. கெட்டவங்கன்னா ஒரு சண்டையைப் போட்டு முடிச்சிறலாம். இவங்க சிரிச்சுப் பேசுவாங்க, பொங்கலுக்குக் கரும்பு குடுத்து விடுவாங்க, எனக்கு மூட்டு வலின்னா தைலம் குடுப்பாங்க. ஆனா எட்டு வருஷத்துல எங்க வாசப்படியைத் தாண்டி உள்ள வந்து ஒரு காப்பி குடிச்சதில்ல. "இப்பத்தான் குடிச்சேன் தங்கச்சி"ம்பாக அக்கா. எப்பக் கூப்பிட்டாலும் இப்பத்தான் குடிச்சிருப்பாக. அம்புட்டுக் காப்பி குடிச்சா மனுஷிக்கு உறக்கம் எப்படி வரும்னு நான் யோசிச்சிருக்கேன்.

நாயைப் பத்தியும் சொல்லணும். ஊர்ப் பேரு வச்ச சாதி நாய். பால் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். எங்க ஊர்ல மனுஷனுக்கு ரேஷன் கார்டு இருக்கோ இல்லையோ, நாய்க்கு அப்பன் ஆத்தா யாருன்னு சர்ட்டிபிகேட் இருக்கும். இதோட அம்மா கண்காட்சியில ரெண்டு கப்பு வாங்கினது. அண்ணன் வீட்டு ஷோகேஸ்ல அந்தக் கப்பு ரெண்டும் நடுவுல இருக்கும், அண்ணன் முப்பது வருஷ வேலைக்கு வாங்கின கேடயம் ஓரத்துல இருக்கும். வர்ற தை மாசத்துக்குன்னு செட்டியார்பட்டியில ஒரு பெட்டை நாயோட சம்பந்தம் பேசி முடிச்சு, குட்டிக்கு இப்பவே ஆளுக சொல்லி வச்சிருந்தாங்க. நாய்க்குப் பேரு இருக்கு, சொல்ல மாட்டேன். அதே பேர்ல எங்க தெருவுல ஒருத்தர் இருக்காரு, அவருக்கு ஏற்கெனவே கோபம்.

எனக்கும் நாய்க்கும் பகை கிடையாது. தினம் ரெண்டு நேரம் அதைக் கடந்து போறேன். அது ஒரு கண்ணைத் தொறந்து பாத்துட்டு மூடிக்கும். அவ்வளவுதான் பழக்கம்.

கிறிஸ்துமஸுக்கு மொத நாள் சாயங்காலம். வருஷா வருஷம் அச்சு முறுக்கு சுட்டதும் மொதத் தட்டு எதிர்த்த வீட்டுக்குத்தான் போகும். இந்தத் தடவை தெருமுனையில புதுசா ஒரு குடும்பம் குடி வந்திருந்துச்சு. கைக்குழந்தைக்காரி, சீக்கிரம் கதவைச் சாத்திருவாளேன்னு தட்டை எடுத்துக்கிட்டு மொதல்ல அங்க போனேன். எதிர்த்த வீட்டு கேட் தொறந்து கிடந்துச்சு. நாய் எந்திரிச்சு வாலை ஆட்டுச்சு. என்னடா இது புது மரியாதைன்னு நினைச்சுக்கிட்டே தாண்டி நாலு எட்டு வச்சேன். பின்னாலிருந்து பாஞ்சு கெண்டைக்காலைக் கவ்விருச்சு. தட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கடிச்சதோட விடல அந்தக் கழுத. செதறிக் கிடந்த அச்சு முறுக்குல மூணை நின்னு நிதானமாத் தின்னுட்டுத்தான் வீட்டுக்குள்ள போச்சு.

குழாயடியில உக்காந்து சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினேன். ஆட்டோ பிடிச்சுப் போய் நாய்க்கடி ஊசி போட்டுக்கிட்டேன். திரும்பி வந்து பாத்தா அண்ணன் வீட்டு வாசல்ல எழவு வீடு மாதிரிக் கூட்டம். அக்கா டெட்டால் தண்ணியில துணியை முக்கி நாய் வாயைத் தொடைச்சிக்கிட்டு இருந்தாக. நாய் அந்தத் துணியையும் கடிக்கப் பாத்துச்சு. என்னையப் பாத்ததும் கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சு வழி விட்டுச்சு. கலெக்டருக்குக்கூட எங்க தெருவுல அப்படி வழி விட மாட்டாங்க.

மறுநாள் செட்டியார்பட்டியிலிருந்து போன் வந்துச்சு. அவங்க வீட்டுப் பெட்டைக்கு வயசு பத்தாதாம், அடுத்த வருஷம் பாக்கலாமாம். அண்ணன் போனை வச்சுட்டு நாயைப் பாத்தாரு. பொண்ணு வீட்டுக்காரன் தாம்பாளத்தைத் திருப்பி அனுப்பினா அப்பன்காரன் எப்படி நிப்பானோ அப்படி நின்னாரு.

மூணு நாள் கழிச்சு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு மாத்திரையும் அங்கதான், அன்னைக்கு ரெண்டாவது ஊசியும் போடணும். ரத்தப் பரிசோதனை ரூமுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கேன், உள்ள பழகின குரல் கேக்குது. எட்டிப் பாத்தா நம்ம அண்ணன். வெள்ளை வேட்டி, கையில ஒரு பிளாஸ்டிக் பைல். எதிர்ல கவுன்சிலர் பொண்ணு பேனாவும் கையுமா உக்காந்திருக்கு.

"டெஸ்ட் யாருக்கு சார்?"

"எங்க வீட்டுப் பையனுக்கும்மா."

"வயசு?"

"மூணு முடியுது."

அந்தப் பொண்ணு முகம் மாறிப்போச்சு. குரலைத் தணிச்சுக்கிட்டு, "அம்மாவுக்கு இருக்கா சார்?"னு கேட்டுச்சு.

"அம்மாவுக்கு ரெண்டு கப்பு இருக்கு. பேப்பரைப் பாக்குதியா?"ன்னு பைலைத் தொறந்தாரு.

"சார், பையன் எங்க?"

"வெளிய ஆட்டோவுல கட்டிப் போட்டுருக்கேன்."

அந்தப் பொண்ணு நாற்காலியைத் தள்ளிக்கிட்டு எந்திரிச்சிருச்சு. "மூணு வயசுப் பிள்ளையைக் கட்டிப் போட்டுருக்கீங்களா?"

"கட்டாட்டிக் கடிக்கும்மா. அதுக்குத்தானே இங்க வந்திருக்கோம்."

பொண்ணு வெளிய ஓடிப் போய் ஆட்டோவைப் பாத்துட்டு, செத்த நேரம் தலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அண்ணன் விடல. இதுவரைக்கும் எந்தப் பெட்டையோடயும் சேராத நாய், அதுக்குத் தானே சாட்சின்னு கையெழுத்துப் போடத் தயாரா நின்னாரு.

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தாங்க. சின்ன வயசு, பொறுமைசாலி. நாய்க்கு இந்த டெஸ்ட் கிடையாது, இது மனுஷ ரத்தத்துக்குன்னு செஞ்சதுன்னாங்க. என்னையக் காட்டி, இந்தம்மா ஒழுங்கா மாத்திரை போடுறவங்க, இவங்க ரத்தத்துல இப்ப வைரஸ் மெஷின்ல தெரியாத அளவுக்குத்தான் இருக்குன்னாங்க. அப்படியே நிறைய இருந்தாலும் நாயோட செல்லுக்குள்ள அது போக முடியாது, நுழையிறதுக்கு வேண்டிய ரிசப்டர் நாய்கிட்ட இல்லன்னாங்க. அண்ணன் மரியாதையாத் தலையை ஆட்டினாரு. ஆட்டோகிட்ட வந்ததும் என்னையத் தனியாக் கூப்பிட்டாரு.

"தங்கச்சி, தெரியாத அளவுக்குன்னா இருக்குன்னுதானே அர்த்தம்? அதை விடு. இன்னொன்னு கேக்கேன். இந்த நோயி குரங்குலேர்ந்துதானே மனுஷனுக்கு வந்துச்சு? டிவியில சொன்னான். குரங்குக்கும் மனுஷனுக்கும் நடுவுல வேலி இல்ல. பொறவு மனுஷிக்கும் நாய்க்கும் நடுவுல மட்டும் எவன் வந்து வேலி போட்டான்?"

நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியல. பதில் தெரியாட்டி எனக்குக் கோபம் வரும். "நான் என்ன டாக்டரா"ன்னு வெடுக்குன்னு சொன்னேன்.

"அதான். தெரியாத விஷயத்துல நாம ஏன் ரிஸ்க் எடுக்கணும். ஞாயித்துக்கிழமை மச்சினன் தோப்புக்கு அனுப்பிருதேன்"னாரு.

மச்சினனோட மாந்தோப்பு பிளவக்கல் பக்கம், மலையடிவாரத்துல இருக்கு. போன வருஷம் அங்க காவலுக்குக் கட்டியிருந்த ரெண்டு நாயைச் சிறுத்தை தூக்கிட்டுப் போயிருச்சு. வீட்டுல வளந்த நாய், தயிர்ச்சோறு தின்னு ஃபேனுக்கு அடியில உறங்குற நாய், அங்க ஒரு வாரம் தாங்காது. அண்ணனுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். ஆட்டோவுல படுத்திருந்த நாய்க்கு மட்டும் தெரியாது. அது என் கால் கட்டை மோந்து பாத்துச்சு.

அந்த நாய் மேல எனக்குப் பிரியம் ஒன்னுமில்ல. கடிச்ச நாய் மேல என்ன பிரியம். ஆனா என் ரத்தம் பட்டுச்சுங்கிறதுக்காக ஒரு ஜீவன் தெருவை விட்டுப் போகுதுன்னா, அது எனக்குச் சொல்ற சேதிதானே. நாயைப் பிடிச்சு அனுப்புறாங்க, என்னைய அனுப்ப வழியில்லாம விட்டு வச்சிருக்காங்க, அம்புட்டுத்தான் வித்தியாசம். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. ஆஸ்பத்திரியில அழுதா பிடிச்சு உக்கார வச்சு கவுன்சிலிங் குடுத்துருவாங்கன்னு மூக்கை உறிஞ்சிக்கிட்டு டாக்டரம்மா ரூமுக்குப் போனேன்.

"வேலி எங்க இருக்குன்னு எனக்குச் சொல்லிக் குடுங்க. பூட்டு, சாவின்னு மட்டும் சொல்லிறாதீங்க, அதை நாலு கூட்டத்துல கேட்டுட்டேன். எங்க வீட்டுப் பூட்டு ஹேர்பின்னுக்கே தொறக்கும்"னேன்.

டாக்டரம்மா சிரிச்சிட்டு ஒரு மாத்திரை அட்டையோட பின்பக்கத்துல படம் போட்டாங்க. வைரஸ் மேல முள்ளு முள்ளா இருக்கு. அது எல்லாச் செல்லுக்குள்ளயும் போகாது. நம்ம உடம்புல ஒரு வகை வெள்ளை அணு, அதோட மேல்தோல்ல சிடி4ன்னு ஒரு ரிசப்டர் நீட்டிக்கிட்டு இருக்கு. முள்ளு போய் மொதல்ல அதைப் பிடிக்குது. பிடிச்ச உடனே முள்ளோட வடிவம் திரும்பி, அதுவரைக்கும் மறைஞ்சிருந்த ஒரு இடம் வெளிய தெரியுது. அந்த இடம் பக்கத்துல இருக்க சிசிஆர்5னு இன்னொன்னைப் பிடிக்குது. ரெண்டு பிடியும் விழுந்தாத்தான் உள்ள போக முடியும். இந்த ரெண்டும் ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. நான் கேள்வி மேல கேள்வி கேட்டேன். குரங்கு, எலி, பூனை, ஆடுன்னு ஒரு சரணாலயத்தையே விசாரிச்சேன். "இத்தனை வருஷத்துல யாரும் ஒரு நாய்க்காக வந்து என்கிட்ட இவ்வளவு கேட்டதில்லம்மா"ன்னாங்க டாக்டரம்மா.

பஸ்ஸுல நின்னுக்கிட்டே ராஜபாளையம் வரைக்கும் யோசிச்சேன். முள்ளு, சிடி4ன்னு பேசினா அண்ணன் மறுபடியும் தலையைத்தான் ஆட்டுவாரு. ஊருக்குள்ள நுழையும்போது வழியில ரெண்டு கல்யாண மண்டபம் எதிர் எதிரா இருக்கு. அதைப் பாத்ததும் எனக்குப் பதில் கிடைச்சிருச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் எதிர்த்த வீட்டு கேட்டுக்கு வெளிய நின்னு கூப்பிட்டேன். அண்ணன் சேரை எடுத்துக்கிட்டு வெளிய வந்தாரு. அக்கா முறத்துல மொச்சை உரிச்சிக்கிட்டு நடையில உக்காந்திருந்தாக. நாயைத் தூண்ல கட்டியிருந்தாங்க. மறுநாள் காலையில லோடு ஆட்டோ வருதுன்னு சொன்னாரு.

"அண்ணே, உங்க மக கல்யாணத்துல நான் என்ன பண்ணினேன்?"னு கேட்டேன்.

அந்த நிலைமையிலயும் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துருச்சு. தெருவுக்கே தெரிஞ்ச கதை அது. எனக்கு அன்னைக்கு ராமர் பச்சைப் பட்டு. அண்ணன் மக கல்யாணம் இந்தப் பக்கத்து மண்டபத்துல. நான் அவசரத்துல எதிர் மண்டபத்துக்குள்ள போயிட்டேன். இப்பத்தான் பொண்ணு வீட்டுப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் ஒரே கலர்ல சேலை எடுத்துக் கட்டுறாங்களே, அந்த எதிர் மண்டபத்துல எடுத்தது ராமர் பச்சை. வாசல்ல பன்னீர் தெளிச்சிக்கிட்டு நின்ன ஒரு பெரியம்மா என் சேலையைப் பாத்ததும் மணிக்கட்டைப் பிடிச்சிட்டாக. "ஏட்டி, இம்புட்டு நேரம் எங்க போன"ன்னு திட்டிக்கிட்டே தலையில ஒரு மஞ்ச ரோஜாவைச் செருகினாக. மஞ்ச ரோஜா பொண்ணு வீட்டுக்காரிகளுக்கு மட்டும். பந்தி வாசல்ல ஒரு வெள்ளைச் சட்டைக்காரரு. அவரு சேலையப் பாக்கல, தலையில மஞ்ச ரோஜா இருக்கான்னு மட்டும்தான் பாத்தாரு. மொதப் பந்தியில நடு இலையில கொண்டு போய் உக்கார வச்சுட்டாரு. ரெண்டாவது பாயசம் ஊத்தும்போதுதான் நிமிந்து பிளக்ஸைப் பாக்கேன், பொண்ணும் வேற, மாப்பிள்ளையும் வேற. தப்பிச்சு வெளிய வர்றதுக்குள்ள குரூப் போட்டோவுல வேற நிறுத்திட்டாங்க. அந்த வீட்டு ஆல்பத்துல நான் இன்னைக்கும் இருக்கேன்.

"அன்னைக்கு நான்தான் வைரஸ்"னேன்.

அண்ணன் சிரிப்பை நிறுத்திட்டு முன்னால சாஞ்சாரு.

"பெரியம்மா என் கையப் பிடிச்சாகல்ல, அதுதான் மொத ரிசப்டர். கையப் பிடிச்சதாலதான் ரோஜா கிடைச்சிச்சு. ரோஜா இருந்ததாலதான் ரெண்டாவது ஆளு உள்ள விட்டாரு. நான் எம்புட்டுப் பெரிய திருடியா இருந்தாலும் அந்த ரெண்டு பேரும் இல்லாட்டி எனக்குப் பாயசம் கிடையாது. இப்ப அதே பச்சைச் சேலையோட எங்க சர்ச்சுக் கல்யாணத்துக்குப் போறேன்னு வைங்க. அங்க அம்புட்டுப் பேரும் சந்தனக் கலர். வாசல்ல நிக்கிறவ கண்ணு சந்தனக் கலரைத்தான் தேடும். கையப் பிடிக்க ஆளில்லன்னா ரோஜா இல்ல, ரோஜா இல்லாட்டிப் பந்தி இல்ல. வெளிய நின்னு பாத்துட்டு வீட்டுக்கு வந்து பழைய சோத்தைத் திங்க வேண்டியதுதான். உங்க நாயோட செல்லு அந்தச் சந்தனக் கலர் கல்யாணம்."

"அவுனா"ன்னாரு அண்ணன். 'அப்படியா'ன்னு கேக்கத் தெலுங்கு வந்துட்டா அவரு நிசமாவே யோசிக்கிறாருன்னு அர்த்தம். "அப்பக் குரங்கு?"

"அது ஆப்பிரிக்காக் காட்டுல இருக்க சிம்பன்சி. நமக்குப் பங்காளி மாதிரி. அது வீட்டுக் கல்யாணத்துலயும் பச்சைதான், செத்த வெளிறின பச்சை. அங்க பழகின வைரஸ், வேட்டையாடினவங்க கையில ரத்தம் பட்டு, நம்ம மண்டபத்துக்குள்ள வந்துருச்சு."

"அய்யனார் கோயில் குரங்கு?"

"அந்த மாதிரிக் குரங்குகள்ல பலதுக்கு வாசல்ல அரைகுறையாக் கையப் பிடிப்பாங்க. ஆனா பந்தியில, அதாவது செல்லுக்குள்ள, ஒரு மாமா உக்காந்திருப்பாரு. 'நீ யாரு வீட்டுப் பொண்ணு'ன்னு கேட்டு இலையோட எழுப்பி விட்ருவாரு. எலி இருக்கே, அதுக்கு வாசல்ல நம்ம பெரியம்மாவையும் வெள்ளைச் சட்டைக்காரரையும் கொண்டு போய் நிறுத்திப் பாத்திருக்காங்க. உள்ள போயாச்சு, உக்காந்தாச்சு, சமையல்காரன் அடுப்பைப் பத்த வைக்கல, வைரஸ் பெருக முடியல."

அண்ணனுக்குப் பிடிச்சுப் போச்சு. நான் அதோட வாயை மூடியிருக்கணும். தெரிஞ்சதை வாயில வச்சுக்கிட்டு இருக்க எனக்கு வராது. "நாய் செல்லுலகூட மனுஷ ரிசப்டரை வச்சுப் பாத்திருக்காங்கண்ணே, வச்சா வைரஸ் உள்ள போயிருதாம்"னு சொல்லித் தொலைச்சிட்டேன்.

அண்ணன் சேரை விட்டு எந்திரிச்சிட்டாரு. "போன மாசம் இதுக்குத் தடுப்பூசி போட்டுட்டு வந்தேனே. அதுல வச்சு விட்டுருப்பாங்களோ?"

"அது லேப்புல கிண்ணத்துல வளக்குற செல்லுண்ணே. வாலாட்டுற நாய் இல்ல."

"நம்ம நாயிலருந்து எடுத்துட்டுப் போயிருந்தா?"

அவரை மறுபடி உக்கார வைக்க எனக்கு அரை மணி நேரம் ஆச்சு. நாய் இதையெல்லாம் கேட்டுக்கிட்டு, யாரு வீட்டு எழவோன்னு காதைச் சொறிஞ்சிக்கிட்டு இருந்துச்சு.

அக்கா முறத்தைக் கீழ வச்சாக. கையில மொச்சை அப்படியே இருக்கு. "தங்கச்சி"ன்னு மெதுவாக் கூப்பிட்டாக. "நாய்க்கு வாசல்ல ஆளில்ல. சரி. எனக்கு இருக்குல்ல?"

நாயைக் காப்பாத்த நான் கட்டின கதை, மனுஷங்க பக்கம் வந்ததும் என்னையத் திரும்பிப் பாக்குது. பொய் சொல்ல முடியாது. "இருக்குக்கா. உங்களுக்கும் எனக்கும் ஒரே பெரியம்மாதான்"னேன்.

அக்கா கண்ணுல பொலபொலன்னு தண்ணி. "நான் ஒன்னு சொல்லுதேன், கோவிச்சுக்காத. நீ குடுத்த அச்சு முறுக்கு ஒன்னைக்கூட நாங்க தின்னதில்ல. கீழ போட மனசு வராது. தட்டைத் தொட்டுக் கும்பிட்டுட்டு நாய்க்குப் போட்ருவேன். வருஷா வருஷம்."

"இந்த நாய்க்கு மூணு வயசுதானேக்கா."

"இதுக்கு முந்தினதும் அதைத்தான் தின்னுச்சு."

அப்பத்தான் எனக்கு நாய் ஏன் கடிச்சதுன்னு விளங்குச்சு. வருஷா வருஷம் அந்தத் தட்டு அதுக்கு வரும். இந்த வருஷம் அது வாலை ஆட்டி வரவேற்க, நான் பாட்டுக்கு அதோட தட்டைத் தூக்கிக்கிட்டு வேற வீட்டுக்குப் போறேன். எந்த நாய் பொறுக்கும். எனக்கே ஒரு நியாயம் தெரிஞ்சிச்சு.

ஆனா வலிச்சது. அரிசி ஊற வச்சு, மாவு இடிச்சு, தேங்காப்பால் பிழிஞ்சு, எண்ணெய்க்கு முன்னால இடுப்பொடிய நின்னு, ஒடையாம வர்ற மொத ஈடை இவங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன், எட்டு கிறிஸ்துமஸ். காலு கடியை விட அது வலிச்சது. சினிமா வசனம் மாதிரி இருக்கும், ஆனா வேற எப்படிச் சொல்ல.

"ஏக்கா, கொதிக்கிற எண்ணெயில எந்த வைரஸ் இருக்கும்? வாசல்ல பெரியம்மா நின்னா மட்டும் போதுமா, மண்டபம் வரைக்கும் ஆளு வந்து சேரணுமே. ரத்தத்துல போகும், உடம்பு சேர்ந்தா போகும், தாய்கிட்டயிருந்து பிள்ளைக்குப் போகும். அச்சு முறுக்குல ஏறி வரத் தெரியாது அதுக்கு. இந்தப் பாழாப்போன மாத்திரையைப் போட்டுப் போட்டு அதை எந்திரிக்க விடாம நான்தான் படுக்க வச்சிருக்கேன்"னு கத்திட்டேன். தெருவே எட்டிப் பாத்துச்சு. தூண்ல கட்டியிருந்த நாயைப் பாத்து, "நீயாவது ருசி கண்டியே"ன்னு சொல்லிட்டு விந்தி விந்தி வீட்டுக்கு வந்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில லோடு ஆட்டோ சத்தம் கேட்டுச்சு. நான் சர்ச்சுக்குக் கிளம்பி, ஜன்னலைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். பாக்கக் கூடாதுன்னு வைராக்கியம். பொறவு பாத்தேன். அண்ணனும் டிரைவரும் நாயைத் தூக்கி ஏத்தப் பாக்காங்க. அது நாலு காலையும் விரிச்சு ரோட்டுல ஒட்டிக்கிட்டு நிக்குது. அண்ணன் தெலுங்குல கெஞ்சுறாரு, தமிழ்ல திட்டுறாரு. அக்கா வாசல்ல கல்லு மாதிரி நின்னாக. திடீர்னு இறங்கி வந்து சங்கிலியை அண்ணன் கையிலிருந்து வாங்கினாக. நாயை இழுத்துக்கிட்டு ரோட்டைக் கடந்து நேரா எங்க வீட்டுக்கு வந்தாக. வாசப்படியத் தாண்டி உள்ள வந்து, நடுவுல இருந்த பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தாக.

"காப்பி குடிக்கீகளா"ன்னு பழக்க தோஷத்துல கேட்டேன்.

"குடிக்கேன். அச்சு முறுக்கு மீதி இருக்கா?"

டப்பாவுல அடியில கொஞ்சம் இருந்துச்சு. ஒரு வாரம் ஆனது. தட்டுல வச்சுக் குடுத்தேன். எதிர்ப்பக்கம் அண்ணன் ரோட்டு நடுவுல நின்னு பாக்காரு, டிரைவர் பாக்கான், தெரு பாக்குது. அக்கா ஒன்னை எடுத்தாக. கீழ உக்காந்திருந்த நாய் எந்திரிச்சு, முன்னங்காலை ஒழுங்கா சேத்து வச்சு, வாயைத் தொறந்துக்கிட்டு அக்கா முகத்தையே பாத்துச்சு. எட்டு வருஷ முறை அது.

அக்கா அதைத் தன் வாயில போட்டு மென்னாக. கண்ணை மூடிக்கிட்டு, மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி மென்னாக. பொறவு கண்ணைத் தொறந்தாக.

"தங்கச்சி, இதுல எள்ளு போடுவியா?"

"எட்டு வருஷமாப் போடுறேன்க்கா."

ரெண்டாவதை எடுத்தாக. ரோட்டுல அண்ணன் டிரைவர் தோள்ல கையப் போட்டு, "நீ போப்பா. தோப்புக்கு இப்ப ஆளு வேண்டாம்"னு சொன்னது எனக்கு இங்க வரைக்கும் கேட்டுச்சு. எனக்கு அழுகையும் சிரிப்புமா வந்து காப்பி பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சிருச்சு. சர்ச்சுல மொதப் பாட்டு முடிஞ்சே போயிருக்கும்.

மூணாவதையும் அக்காவே தின்னாக. நாய் தொறந்த வாயை மூடிட்டு என்னையத் திரும்பிப் பாத்துச்சு. என் காலைக் கடிச்ச நாய்தான், ஆனா அந்த மூஞ்சியைப் பாக்க எனக்கே பாவமா இருந்துச்சு. டப்பாவைத் தட்டி அடியில கிடந்த தூளைக் கையில ஏந்திக் குடுத்தேன். மோந்து பாத்துட்டு, வேண்டாம்னு தலையைத் திருப்பிக்கிச்சு.